கரை சேராத கடவுச்சொல்

"செத்துப்போனவன் தினமும் காலையில ஆறு அம்பத்தஞ்சுக்கு டியூட்டிக்கு வந்துடறான். உயிரோட இருக்கிற நான் ஒம்பதரைக்கு வர்றேன். எனக்கே வெக்கமா இருக்கு மேடம்" என்றான் ஊசி.

இன்ஸ்பெக்டரம்மா மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்ததால் மூச்சை மிச்சம் பிடித்தார். அவர் போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. இருபத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், இறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் நிஜமாகவே இறந்தார்களா என்று விசாரித்து எழுதிய இன்ஸ்பெக்டர். வேலையை விட்டுச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்த பிறகும் பெயர் பின்னாலேயே வந்துவிட்டது. ஊசி அவருடைய உதவியாளன். முப்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, குத்துகிற வாய்.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் விடை வேண்டும் என்று அவர்களை அழைத்திருந்தவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண். அவள் கணவன் துறைமுகத்தில் மிதவை விளக்கு மெக்கானிக். கப்பல்களுக்கு வழிகாட்ட நடுக்கடலில் மிதக்கும் விளக்குகள் அணைந்தால், பதினேழாம் நம்பர் படகில் தனியாகப் போய்ச் சரிசெய்துவிட்டு வருவான். ஆறு மாதத்துக்கு முன் ஒரு மாலை, படகு மட்டும் மிதந்தது. ஆளைக் காணவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஆறு மாதம் முடிந்தால் பெயரை நீக்கலாம் என்பது துறைமுகத்து விதி. 'என் கணவர் இறந்துவிட்டார் என்று ஏற்கிறேன்' என்று அச்சடித்த தாளில் வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

கதவைத் திறந்தவர் மாமனார். துவைத்த சீருடைச் சட்டை பின்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவருக்கும் துறைமுகத்தில்தான் வேலையாம், இன்று வார விடுமுறையாம். வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"போனவன் போனவன்தான். அவளுக்குப் புத்தி சொல்லிட்டுப் போங்க. ஆசை காட்டிட்டுப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு, செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படிப் பேசக் கல் மனசு வேண்டும் என்று ஊசி நினைத்தான். செய்தித்தாள் முந்தாநாளையது என்பதையும் கவனித்தான்.

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு வாளி. அதற்கு ஒரு வாஷர் போட்டால் தீர்ந்தது, தானே மாட்டித் தருகிறேன் என்று ஊசி எழுந்தான். அவள் வேகமாக வந்து குறுக்கே நின்றாள்.

"அதை யாரும் தொட வேண்டாங்க."

பிறகு உட்கார்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தாள். கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கும் எழுத்து அட்டையின் கடைசி வரியில் இருக்குமே, அவ்வளவு பொடி எழுத்து. துறைமுக ஊழியர்களுக்கு ஒரு வெப்சைட் உண்டு. அதில் கணவனின் பக்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். பாஸ்வேர்டு தெரியாது. ஆனால் கடலுக்குப் போகும்போது அவன் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவான். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் அந்தப் போனுக்கு ஒரு எண் வருகிறது. அதைப் போட்டுப் புதுப் பாஸ்வேர்டு வைத்து உள்ளே போய்விட்டாள். போனால், பக்கத்தின் மேலேயே ஒரு வரி: கடைசி நுழைவு, இன்று காலை 6.55.

யாரோ திருட்டுத்தனமாக நுழைகிறார்கள் என்றுதான் அவளும் முதலில் எண்ணினாள். பாஸ்வேர்டைத் தான் மாற்றிவிட்டதால் இனி நுழைய முடியாது என்று இருந்தாள். மறுநாளும் 6.55. அதற்கு மறுநாளும்.

"மொத தடவை நான் வெச்ச பாஸ்வேர்டு, அவர் என்னைக் கூப்பிடுற பட்டப்பேரு. ரெண்டாவது தடவை, நாங்க வாங்கணும்னு பேசி வாங்காமலே விட்ட நாய்க்குட்டிக்கு வெச்சிருந்த பேரு. மூணாவது என்னன்னு உங்ககிட்ட சொல்ல முடியாது. மூணையும் கண்டுபிடிக்க இந்த உலகத்துல ஒரே ஒருத்தராலதான் முடியும்."

"அதனால உயிரோட இருக்கார்னு சொல்றீங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"இருக்கார். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஏன் என்கிட்ட வரலன்னுதான் தெரியணும்." குழாயின் பக்கம் பார்த்தாள். "அன்னிக்குக் காலையில சண்டை. ஊர் விளக்கையெல்லாம் ரிப்பேர் பண்றீங்க, மூணு வாரமா ஒழுகுற வீட்டுக் குழாய் கண்ணுக்குத் தெரியலையான்னு கேட்டேன். நீங்க வராம இருந்தாலே நிம்மதின்னு சொல்லிட்டேன். வரல."

செய்தித்தாள் லேசாக அசைந்தது. ஊசிக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆள் வேறெங்கோ வேறொரு வீட்டில் அடுப்பு மூட்டிவிட்டான் என்று இன்ஸ்பெக்டரம்மாவிடம் அரை நாள் லீவைப் பந்தயம் கட்டியிருந்தான். அப்படியும் இருக்கலாம் என்பது அவளுக்கும் தெரிந்தேதான் இருந்தது. உயிரோடு இருக்கிறான் என்று நம்புவதற்கு அவள் கொடுக்கும் விலையே அதுதான்: தன்னை விட்டுவிட்டுப் போனான் என்பது.

இன்ஸ்பெக்டரம்மா நோட்டைப் புரட்டினார். பிறகு அவளுடைய கணினியில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். கடைசி நுழைவு: செவ்வாய், காலை 6.55.

"நேத்து ராத்திரி நீங்க உள்ள போய்ப் பார்த்தீங்களா?"

"எட்டு மணிக்குப் பார்த்தேன்."

"அப்போ கடைசியா நுழைஞ்சது நீங்கதானே. உங்க எட்டு மணியை ஏன் இது காட்டல?"

அவள் திரையை மறுபடியும் படித்தாள். இன்ஸ்பெக்டரம்மா ஊசியை அருகில் அழைத்து, கண்ணை மூடிக்கொண்டு கணினியில் தபேலா வாசிக்கச் சொன்னார். நாற்பது எழுத்துக்குக் குறையக் கூடாது, முழங்கையையும் சேர்த்துக்கொள்ளலாம். இப்படியொரு வேலைக்காகவே பிறந்தவன் போல ஊசி வாசித்தான். அந்தக் குப்பையை ஒருவரும் படிக்கவில்லை. அப்படியே நகலெடுத்துப் புதுப் பாஸ்வேர்டாக ஒட்டினார்கள்.

"இதை என் பொண்டாட்டியாலகூடக் கண்டுபிடிக்க முடியாது மேடம். என் சட்டைப் பையில என்ன இருக்கும்னு பை தைக்கும்போதே தெரிஞ்சவ அவ."

"நாளைக்குக் காலையில பார்ப்போம். பக்கத்தை மூடாம வெச்சிருங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

வியாழக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு அவள் போன் செய்தாள். குரலில் சந்தோஷம் இருந்தது. கடைசி நுழைவு, இன்று, 6.55.

"நாப்பது எழுத்துக் குப்பையை அவன் எப்படி மேடம் கண்டுபிடிச்சான்?"

"கண்டுபிடிக்கல. அவனை யாரும் அதைக் கேக்கவே இல்ல. நாம முன்வாசலுக்கு விதவிதமா பூட்டு மாத்திக்கிட்டிருக்கோம். அந்த ஆள் பின்வாசல் வழியா பழைய சாவியோட போய்ட்டு வர்றார்."

துறைமுகத்தின் கம்ப்யூட்டர் பிரிவு ஒரு குளிர்ந்த அறை. அதன் பொறுப்பாளர் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கியிருந்தார். முதலில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். இரண்டாவது தடவை கேட்டதற்கு, கிட்டத்தட்ட எல்லாம் என்றார். மூன்றாவது தடவை இன்ஸ்பெக்டரம்மா கேட்காமல் வெறுமனே பார்த்தார். மனிதர் கொட்டிவிட்டார்.

வெப்சைட் வேறு, அலுவலகத்துக்குள் ஊழியர்களின் பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்திருக்கும் டைரக்டரி சர்வர் வேறு. உள்ளே இருக்கும் எந்த மெஷினில் உட்கார்ந்தாலும், இந்த ஆள் நம் ஆள்தானா என்று அந்த மெஷின் டைரக்டரி சர்வரைத்தான் கேட்கும். வெப்சைட்டில் ஒருவர் பாஸ்வேர்டை மாற்றினால் அந்தத் தகவல் டைரக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். போன வருஷம் வெப்சைட்டைப் புதுப்பித்ததிலிருந்து போய்ச் சேருவதில்லை. டைரக்டரியிலிருந்து வெப்சைட்டுக்கு மட்டும் ஒழுங்காக வருகிறது. அதனால் யார் எப்போது உள்ளே நுழைந்தார் என்று வெப்சைட் காட்டும், ஆனால் அது சொல்வது அலுவலக மெஷினில் நுழைந்த நேரம். மாற்றிய பாஸ்வேர்டுகள் அறுபத்து மூன்று இன்னும் வரிசையில் நிற்கின்றன.

"புகார் வரலையா?"

"வந்துச்சு. பழசைப் போட்டுப் பாருங்கன்னு சொன்னேன். போட்டாங்க, வேலை செஞ்சுது. அப்புறம் ஏன் வரப்போறாங்க?"

இதைக் கேட்ட ஊசி, தன் வீட்டுக் கடிகாரமும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சரியாகக் காட்டுகிறது, அதற்கும் இங்கே ஒரு பதவி கிடைக்குமா என்று விசாரித்தான். பொறுப்பாளருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"இங்க பாஸ்வேர்டுக்கு என்ன மரியாதை சார் இருக்கு? கடலுக்குப் போறவன் வயர்லெஸ்ல பாஸ்வேர்டை உரக்கச் சொல்றான். படகு திரும்பற நேரத்தை அவன் பேர்லதான் மாத்தணும்னு விதி. அவன் நடுக்கடல்ல இருக்கான், கம்ப்யூட்டர் கரையில இருக்கு. வேற என்ன செய்வான்? நான் இங்க உக்காந்து பாதுகாப்பு பத்தி சுற்றறிக்கை எழுதறேன்."

இன்ஸ்பெக்டரம்மா பெண்ணிடம் வாங்கி வந்திருந்த நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். இரண்டு மாதக் குறிப்புகள். ஞாயிறு உண்டு, திங்கள் உண்டு, செவ்வாய் உண்டு. புதன்கிழமை மட்டும் ஒன்றுகூட இல்லை.

"புதன்கிழமை வார விடுமுறை இங்க யாருக்கெல்லாம்?"

பொறுப்பாளர் அட்டவணையைத் தேடினார். இரண்டே பேர். ஒருவர் கேன்டீன் சமையல்காரர். இன்னொருவர் கட்டுப்பாட்டு அறையில் காலை ஆறு மணி ஷிப்ட் வயர்லெஸ்காரர்.

சமையல்காரரைப் பற்றி ஒரு நகைச்சுவை ஊசியின் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சீருடைச் சட்டை நினைவுக்கு வந்துவிட்டது. புதன்கிழமை வீட்டில் இருந்த மனிதர். தலைகீழாகவே பிடித்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காத அந்தச் செய்தித்தாள்.

வெளியே வந்ததும், அவர் ஏன் இப்படிச் செய்கிறார், மருமகளை ஏமாற்றுகிறாரா என்று ஊசி கேட்டான்.

"அவ பாஸ்வேர்டை மாத்தினதே அவருக்குத் தெரியாது. அவ எந்தப் பக்கத்தைப் பார்க்கிறான்னும் தெரியாது. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் ஒளிஞ்சு ஒளிஞ்சு ஒரே ஆளைத் தேடறாங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. அரை நாள் லீவைப் பற்றி இருவரும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அவர்கள் கட்டுப்பாட்டு அறைக்குப் படியேறினார்கள். பெண்ணையும் அழைத்து வந்து கீழே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். கணவன் வேலை செய்த இடத்தைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அவள் தலை வாரி, நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். அதை ஏன் கட்டினாள் என்று ஊசிக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

அறையில் மூன்று பக்கமும் கண்ணாடி. கீழே கடல். ஒரு பெரிய திரையில் கடலுக்குப் போயிருக்கும் படகுகள் வரிசையாக, திரும்ப வேண்டிய நேரத்தோடு, பச்சை எழுத்தில். கடைசி வரியில், ஆள் திரும்பாததால் இன்னும் மூடப்படாத பதினேழாம் நம்பர். புறப்பட்ட தேதி ஆறு மாதத்துக்கு முந்தியது. திரும்ப வேண்டிய நேரம்: இன்று காலை 7.00.

மாமனார் அவர்களைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு வயர்லெஸ்காரர் ஒன்றும் கேட்காமல் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த அறையில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் பேசியதில்லை என்று அந்த நடையிலேயே தெரிந்தது.

"செவ்வாய்க்கிழமை மட்டும் ரெண்டு நாளைக்குச் சேர்த்துப் போட்டுடுவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

பெரியவர் தலையசைத்தார். இருபது வருஷம் வயர்லெஸில் பேசிய குரல் சீராகத்தான் இருந்தது. நேரத்துக்கு நீட்டிக்காவிட்டால் வரி சிவப்பாகும், மணி அடிக்கும், தேடும் படகு கிளம்பும், அதுதான் ஏற்பாடு என்றார். அன்று நாலு மணிக்குப் பையன் கூப்பிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிப் பாஸ்வேர்டையும் சொன்னான். நீட்டித்தார். அஞ்சு மணி ஆயிற்று. கூப்பிடவில்லை.

"அவன் எப்பவும் லேட்டுதான். பள்ளிக்கூடத்துலேர்ந்து லேட்டு. மணி அடிச்சா படகு கிளம்பிடும், அப்புறம் அதிகாரி அவனைக் கூப்பிட்டுத் திட்டுவார். அதனால அவன் கேக்காமலே நான் ஒரு மணி நேரம் நீட்டினேன். ஆறு மணிக்கு இன்னொரு தடவை." திரையைப் பார்த்தபடியே சொன்னார். "அஞ்சு மணிக்கு அடிக்க வேண்டிய மணி. நான்தான் அடிக்க விடல. ஏழு மணிக்கு வேற படகுக்காரங்க பார்த்துச் சொன்னாங்க, ஆளில்லாம மிதக்குதுன்னு. ரெண்டு மணி நேரம் அவன் தண்ணியில என் குரலுக்குக் காத்துக்கிட்டிருந்தானோ என்னவோ."

அதற்கு மேல் அந்த மணியை அவரால் கேட்க முடியவில்லை. அதனால் தினமும் காலையில் பிள்ளையின் பெயரில் நுழைந்து இன்னும் ஒரு நாள் நீட்டிக்கிறார். செத்துவிட்டான் என்று வீட்டில் சொல்ல அவரால் முடியும். இங்கே முடியாது.

ஊசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கல் மனசு என்று நினைத்ததற்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மருமகள் அந்த நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கணவன் உயிரோடு இருந்தும் தன்னை வேண்டாம் என்று விட்டுவிட்டான் என்று நம்புகிறாள் என்றார் இன்ஸ்பெக்டரம்மா. பெரியவரின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது.

"விட்டுட்டானா? அவனா?"

"கீழே உக்காந்திருக்கா. நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

மணி ஆறு ஐம்பத்திரண்டு. அவளை ஊசி போய் அழைத்து வந்தான். அறைக்குள் நுழைந்ததும் அவள் கண் ஒவ்வொரு நாற்காலியாகத் தேடியது. மாமனார் ஒருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. திரையைப் பார்த்தாள். கடைசி வரியைப் படித்தாள். தினமும் எழுத்து அட்டையை மற்றவர்களுக்குக் காட்டுகிறவள், ஒரே தடவையில் படித்துவிட்டாள்.

"நீங்களா மாமா?"

"நான்தாம்மா."

அவள் நின்றது நின்றபடி இருந்தாள். அழவில்லை. எல்லாவற்றையும் அவர் இரண்டாம் முறையாகச் சொன்னார். மணியைப் பற்றிச் சொன்னார், இரண்டு மணி நேரத்தைப் பற்றிச் சொன்னார். பிறகு, முதலில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நாலு மணிக்குக் கூப்பிட்டப்போ இன்னொண்ணும் சொன்னான். அவகிட்ட போன் பண்ணிச் சொல்லிடுங்கப்பா, கொஞ்சம் லேட்டாகும், ஆனா இன்னிக்கு வந்து குழாயைச் சரிபண்ணிடறேன், வாஷர் வாங்கி சட்டைப் பையிலயே வெச்சிருக்கேன்னு. வேலையா இருந்தேன், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். அதுக்கப்புறம் எப்படிம்மா சொல்லுவேன்? எந்த வாயால சொல்லுவேன்?"

கரையிலிருந்து வீட்டுக்கு அரை மணி நேர நடை. அந்தச் செய்தி ஆறு மாதமாக வந்து சேரவில்லை.

"அப்போ அவர் என்னை விட்டுட்டுப் போகல" என்றாள் அவள்.

"வரத்தாம்மா இருந்தான்."

இப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். இதைவிட அவன் எங்கேயோ யாருடனோ வாழ்ந்துகொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஊசிக்குத் தோன்றியது. கணவனைத் திருப்பிக் கொடுத்த அதே நிமிஷத்தில் அவனைப் பறித்தும் ஆயிற்று. இன்ஸ்பெக்டரம்மா அவள் முதுகில் கை வைத்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் யார் முதுகிலும் கை வைத்து ஊசி கேள்விப்பட்டதில்லை.

ஆறு ஐம்பத்தெட்டு. பழக்க தோஷத்தில் பெரியவரின் விரல்கள் கணினியின் பக்கம் போயின. பாதியில் நின்று மருமகளைப் பார்த்தார்.

அவள் கையை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுந்து வந்து, அவர் கைமேல் தன் கையை வைத்து அப்படியே பிடித்துக்கொண்டாள்.

ஏழு மணிக்குப் பதினேழாம் நம்பர் சிவப்பாகியது. மணி அடித்தது. கீழே தேடும் படகின் ஆட்கள் ஓடிவந்து சட்டையை மாட்டியபடி மேலே பார்த்தார்கள். எந்தப் படகு என்று படகுத்துறைத் திரையில் தெரிந்ததும் ஒரு கணம் நின்றார்கள். பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்காமல் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

படகு கிளம்பும் முன் வயர்லெஸ்காரர் மூன்று தடவை கூப்பிட வேண்டும், பதிலுக்கு ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. பெரியவர் மைக்கை எடுத்தார். பதினேழு, கரையிலிருந்து பேசுகிறேன், என்றார். இரண்டாவது தடவையும் சொன்னார். மூன்றாவது தடவை வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மைக்கை அவள் வாங்கிக்கொண்டாள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவர் விரலால் காட்டினார்.

"நான்தான் பேசறேன்" என்றாள். "கோபமெல்லாம் போயிடுச்சு. குழாய் ஒழுகினா ஒழுகட்டும். லேட்டானாலும் பரவால்ல, நீங்க வாங்க."

பொத்தானை விட்டாள். வயர்லெஸ் லேசாக இரைந்தது. சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் நகர்ந்தது. பெரியவரும், அவளும், இன்ஸ்பெக்டரம்மாவும், ஊசியும் அந்த ஒரு நிமிஷம் முழுவதும் காத்திருந்தார்கள்.